ஸ்போர்ட்ஸ் கூபேயை அன்றாடம் ஓட்ட அனைத்துச் சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரண்டோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்துகொண்டு, வேலைக்கும் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் ஒரே காரில், அதுவும் இரண்டு கதவு கொண்ட ஸ்போர்ட்ஸ் கூபேயில், ஆண்டு முழுவதும் போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேச்சில் நாம் ஆல்வீல் என்றும் ரியர்வீல் என்றும் சொல்பவற்றை இங்கே அனைத்துச் சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம் என்று குறிப்பிடுகிறேன். ஒப்பிடுவதற்குப் பெரும்பாலும் பிஎம்டபிள்யூ 2 சீரிஸ், 4 சீரிஸ் கூபேக்களையும் போர்ஷே 911-ஐயும் டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் இரட்டையர்களையும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு என்ன?

பின்சக்கர இயக்கத்தில் எஞ்சினின் ஆற்றல் முழுவதும் பின்னிரு சக்கரங்களுக்கே போகிறது. முன்சக்கரங்கள் காரைத் திருப்பும் வேலையையும் பிரேக் பிடிக்கும்போது பெரும் பளுவைத் தாங்கும் வேலையையும் மட்டும் பார்க்கின்றன. அனைத்துச் சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்களும் காரை இழுக்கின்றன. ஒரு டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. காரைத் தள்ளுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த ஒரே அளவிலிருந்துதான் பங்கு பிரித்துக்கொள்கின்றன. ஆற்றலை நான்கு டயர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் ஒவ்வொன்றும் சுமக்கும் இழுவிசை குறையும். அந்த ஏற்பாட்டின் பயன் அவ்வளவே. அது பிடிமானத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பல விடைகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

அனைத்துச் சக்கர இயக்கம் கொண்ட கூபேக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓடுமா?

ஓடா. 2023-இல் உற்பத்தி நின்றுபோன ஆடி டிடியில் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது. குவாட்ரோ எனப்படும் அதன் அனைத்துச் சக்கர வகைகளில் அடிப்படை இழுவை முன்சக்கரங்களுடையது, தேவைப்படும்போது பின்னால் உள்ள கிளட்ச் பின்சக்கரங்களை இணைக்கிறது. பிஎம்டபிள்யூ தன் அனைத்துச் சக்கர இயக்கத்தை எக்ஸ்டிரைவ் என்று அழைக்கிறது. அதன் 2 சீரிஸ் கூபேயான எம்240ஐ எக்ஸ்டிரைவில் எஞ்சின் நெடுக்காக இருக்கிறது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள பல தட்டு கிளட்ச், பின்சக்கரங்களுக்குப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிரித்து முன்னே அனுப்புகிறது. எனவே அது பின்சக்கரக் காரின் சாயலிலேயே ஓடும். எம்4 காம்பெட்டிஷன் எக்ஸ்டிரைவில் ஒருபடி மேலே போய், முன்சக்கர இழுவையை அடியோடு துண்டிக்கும் வசதியையும் கொடுத்திருக்கிறார்கள். விற்பனையாளர் "ஆல்வீல்" என்று சொன்னதும் திருப்தி அடைந்துவிடாமல், எந்தச் சக்கரங்கள் முதலில் உழைக்கின்றன என்று கேளுங்கள்.

உலர்ந்த சாலையில் எது வேகமானது?

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பெரும்பாலும் அனைத்துச் சக்கர இயக்கமே முந்தும். இதற்கு எம்4 காம்பெட்டிஷன் நல்ல சான்று, ஏனெனில் ஒரே 510 குதிரைத்திறன் எஞ்சினுடன் அது இரு வகையிலும் விற்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பின்சக்கர வகைக்கு 3.9 நொடியும் எக்ஸ்டிரைவ் வகைக்கு 3.5 நொடியும் ஆகும் என்று நிறுவனமே அறிவித்தது. இன்னொரு ஒப்பீடு இதைவிடச் சுவையானது. 374 குதிரைத்திறன் கொண்ட எம்240ஐ எக்ஸ்டிரைவ் 4.3 நொடியில் அந்த வேகத்தை எட்டுகிறது; 2023-இல் வெளிவந்தபோது 460 குதிரைத்திறன் கொண்டிருந்த பின்சக்கர எம்2, தானியங்கி கியருடன் 4.1 நொடி எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஏறத்தாழ 1,700 கிலோ எடையுள்ளவை. 86 குதிரைத்திறன் கூடுதலாக இருந்தும் மிச்சமாவது 0.2 நொடிதான்.

ஆனால் போர்ஷே 911-ஐப் பாருங்கள். 2019-இல் வந்த 992 தலைமுறையில் பின்சக்கரக் கரேராவுக்கும் அனைத்துச் சக்கரக் கரேரா 4-க்கும் பிடிகே எனும் தானியங்கி கியர்பாக்ஸுடன் அதே 4.2 நொடிதான். எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் அமர்ந்திருப்பதால், காரின் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்கெனவே பின்சக்கரங்களை அழுத்துகிறது. அவை எளிதில் வழுக்குவதில்லை. ஆகவே இயக்கத்தை மட்டும் கேட்டால் போதாது, எடை எங்கே அமர்ந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்த நொடிக் கணக்குகளால் வாராந்திர வாழ்க்கையில் ஒன்றும் மாறப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் நுழைய இரண்டில் எதுவும் தேவைக்கு மேலேயே போதுமானது.

பின்சக்கரக் காரைப் பனியில் ஓட்டவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது. இதற்குத்தான் மிகத் தவறான விடைகளும் உலவுகின்றன. அதனால் சற்று விரிவாகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உராய்வு எண் என்பது டயர் தரையைப் பற்றும் அளவு. உலர்ந்த தாரில் அது 0.8-ஐ ஒட்டி இருக்கும். அழுந்திக் கெட்டித்த பனியில் அனைத்துப் பருவ டயருக்கு ஏறத்தாழ 0.2, நல்ல குளிர்கால டயருக்கு ஏறத்தாழ 0.3, கோடை டயருக்கு 0.1-ஐ ஒட்டிய அளவு என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலையையும் பனியின் தன்மையையும் பொறுத்து இவை மாறும்; ஒப்பிடுவதற்கு இவை போதும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார் ஏறக்கூடிய சரிவு உராய்வு எண்ணுக்குச் சமம்: 0.2 என்றால் 20 விழுக்காடு, அதாவது 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம். இரு சக்கரங்கள் மட்டும் இழுத்தால், அவற்றின் மேல் அழுந்தும் எடையின் பங்கால் அதைப் பெருக்க வேண்டும்.

எடை பாதிக்குப் பாதியாகப் பிரிந்த ஒரு பின்சக்கரக் கூபே, அனைத்துப் பருவ டயருடன் 10 விழுக்காட்டுச் சரிவு வரை ஏறும். அதே கார் குளிர்கால டயருடன் 15 விழுக்காடு வரை ஏறும். ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் உண்மையில் சற்றுக் கூடவே ஏறும். அனைத்துச் சக்கரக் கார் அனைத்துப் பருவ டயருடன் 20 விழுக்காடும், குளிர்கால டயருடன் 30 விழுக்காடும் ஏறும். இப்போது கவனியுங்கள்: அனைத்துச் சக்கரக் கார், தொழிற்சாலையில் மாட்டிய கோடை டயரை டிசம்பரிலும் கழற்றாமல் வந்தால், அது ஏறுவது 10 விழுக்காட்டுச் சரிவைத்தான். அதாவது குளிர்கால டயர் மாட்டிய பின்சக்கரக் காரிடம் அது தோற்றுப்போகிறது. ஸ்போர்ட்ஸ் கூபேக்களில் பல கோடை டயருடனேயே விற்கப்படுகின்றன என்பதால் இது ஏட்டுக் கணக்கு அன்று. முதல் பனியன்று சிவப்பு விளக்கில் நின்ற விலையுயர்ந்த கூபே ஒன்று, பச்சை விழுந்த பிறகும் நான்கு சக்கரங்களும் சுழல, நின்ற இடத்திலேயே மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதன் பின்புறத்தில் அனைத்துச் சக்கர இயக்கத்தின் சின்னம் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஆகவே விடை இது: குளிர்கால டயருடன், சமதளமான தெருவில், பனியை ஒழுங்காக அகற்றும் நகரத்தில், பின்சக்கரக் கூபேயைக் குளிர்காலம் முழுவதும் ஓட்டலாம். உங்கள் வீட்டு வண்டிப்பாதை 12 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்தால், அல்லது பனி வாரும் வண்டி வருமுன் விடியற்காலை ஐந்து மணிக்கு நீங்கள் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், அனைத்துச் சக்கர இயக்கத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஆர்86-இன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 130 மில்லிமீட்டர்தான் இடைவெளி. 20 சென்டிமீட்டர் பனி கொட்டிய காலையில் இவ்வளவு தாழ்ந்த எந்தக் காரும் பனிமேல் வயிறு தட்டி நின்றுவிடும்; சக்கரங்கள் தரையை நன்றாகத் தொடாதபோது எத்தனை சக்கரங்கள் இழுத்தாலும் பயனில்லை. அன்றைக்குப் பேருந்துதான்.

பனியில் நிறுத்துவதற்கு அனைத்துச் சக்கர இயக்கம் உதவாதா?

உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்த கணத்திலிருந்து, மேலே சொன்ன உராய்வு எண்களின்படி, உலர்ந்த தாரில் சுமார் 12 மீட்டரிலும், பனியில் குளிர்கால டயருடன் 33 மீட்டரிலும், அனைத்துப் பருவ டயருடன் 49 மீட்டரிலும், 0.1 உராய்வு உள்ள பனிக்கட்டியில் 98 மீட்டரிலும் கார் நிற்கும். இந்தக் கணக்கில் இயக்கவகை எங்குமே வரவில்லை. நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு: அனைத்துச் சக்கரக் கார் பனியிலும் தயக்கமின்றிக் கிளம்பி வேகமெடுத்துவிடுவதால், தரை எவ்வளவு வழுக்குகிறது என்ற செய்தி ஓட்டுநருக்கு எட்டுவதே இல்லை. பின்சக்கரக் கார் முதல் திருப்பத்திலேயே வாலை அசைத்து எச்சரித்துவிடும்.

மழையில் எப்படி?

ஈரச்சாலையில் வேகமெடுக்கும்போதும் திருப்பத்தைவிட்டு வெளியேறும்போதும் அனைத்துச் சக்கர இயக்கம் அமைதியாக இருக்கும். பின்சக்கரக் கார்களைப் பற்றிய பழைய அச்சம், கார் வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்படுத்தி இல்லாத காலத்தது. கனடாவில் 2012 மாடலிலிருந்து அது எல்லாக் கார்களிலும் கட்டாயம். தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பது வேறு விஷயம். விமானச் சக்கரங்களை ஆராய்ந்து நாசா வகுத்த சூத்திரப்படி, 35 பிஎஸ்ஐ காற்றழுத்தமுள்ள டயர் ஆழமான நீரில் மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். அகலமான, தேய்ந்த டயர் அதற்கும் முன்பே மிதந்துவிடும். அந்த நிலையில் நான்கு சக்கரங்களுமே தண்ணீரின் மேல்தான் இருக்கின்றன.

பின்னால் மணல் மூட்டை வைத்தால் பின்சக்கரக் காருக்குப் பிடிமானம் கூடுமா?

பிக்கப் லாரிக்குப் பொருந்தும் வழக்கம் இது. பின்சக்கரங்களின் மேல் 47 விழுக்காடு எடை உள்ள 1,300 கிலோ கூபேயில் 40 கிலோ மூட்டையைப் பின்னச்சுக்கு நேர் மேலே வைத்தால், அந்தப் பங்கு சுமார் 48.6 விழுக்காடாகிறது. இந்த அற்ப ஆதாயத்துக்காக, மோதலின்போது முன்னால் பாயக்கூடிய ஒரு பாரத்தைப் பிள்ளைகளின் இருக்கைக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

பராமரிப்புச் செலவு எவ்வளவு வேறுபடும்?

எக்ஸ்டிரைவ் போன்ற அனைத்துச் சக்கரக் காரில் கூடுதலாக, இரு முன்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் ஒரு முன் டிஃபரென்ஷியல், ஆற்றலை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் கிளட்ச் அடங்கிய ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒரு முன் தண்டு, இரு அரைத்தண்டுகள் உள்ளன. 911 கரேராவுக்கும் கரேரா 4-க்கும் எடை வேறுபாடு 50 கிலோ. எம்4-இலும் அதே 50 கிலோதான். எரிபொருள் சற்றே கூடும், பெரிதாக இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை மாற்றத் தேவையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். காரை நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர் 80,000 கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்றிவிடுவது நல்லது. உள்ளே இருக்கும் கிளட்ச்சின் விலையோடு ஒப்பிட்டால் எண்ணெயின் விலை ஒன்றுமே இல்லை. வழியில் கார் நின்றுபோனால், நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாத மேடை வண்டியில்தான் ஏற்றச் சொல்ல வேண்டும். இரண்டைத் தூக்கி இரண்டை உருட்டி இழுத்துப்போனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகலாம்.

உண்மையான செலவு டயரில்தான். எம்240ஐயின் 19 அங்குலச் சக்கரங்களில் முன்னால் 225, பின்னால் 255 மில்லிமீட்டர் அகல டயர்கள். முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட முடியாது. ஜிஆர்86-இல் நான்கும் 215 தான். மாற்றி மாற்றிப் போட்டுச் சமமாகத் தேயவைக்கலாம். குளிர்காலத்துக்கு இன்னொரு தொகுதி டயர் இரண்டு வகைக்கும் தேவை. அனைத்துச் சக்கர இயக்கம் இருப்பதால் அந்தச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்களைத்தான் நான் முதலில் தடுத்து நிறுத்துவேன்.

ஒரு டயர் மட்டும் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாமா?

பின்சக்கரக் காரில் ஒரே அச்சில் உள்ள இரண்டை மாற்றினால் போதும். அனைத்துச் சக்கரக் காரில் அப்படிச் செய்தால் தொல்லை வரும். புதிய டயரின் பள்ளத்தடம் 8 மில்லிமீட்டர் ஆழம், பாதி தேய்ந்ததன் ஆழம் 4 என்றால், சுற்றளவில் சுமார் 25 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டாகிறது. நேர்ச்சாலையில் போகும்போதும் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல, இடையில் உள்ள கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகிறது.

இதை நான் அனுபவித்தே கற்றேன். பின் டயர் ஒன்றில் ஆணி ஏறியதால் போன கடையில், பின்னிரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டாவது வாரம், கடைத்தொகுதியின் வாகன நிறுத்தத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக உருட்டியபோது, யாரோ அடியிலிருந்து இழுத்து இழுத்து விடுவதுபோல் கார் விட்டு விட்டு அதிர்ந்தது. பணிமனையில் அளந்தபோது முன் டயர்கள் 3.5 மில்லிமீட்டர், பின் டயர்கள் 8. முன்னிரண்டையும் மாற்றி, டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயையும் மாற்றிய பிறகே அதிர்வு அடங்கியது. வடிந்த எண்ணெய் கறுத்து, கருகிய வாடை வீசியது. உங்கள் கார் எவ்வளவு வேறுபாட்டைத் தாங்கும் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் அது இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும்.

ஓட்டும் இன்பத்தில் வேறுபாடு தெரியுமா, அல்லது அது ஆர்வலர்களின் கற்பனையா?

தெரியும். அதுவும் பந்தயத்தடத்தில் அன்று, தினமும் செல்லும் நெடுஞ்சாலையின் வளைந்த இறங்குபாதையிலேயே தெரியும். பின்சக்கரக் காரில் முன்சக்கரங்கள் எதையும் இழுக்காததால் ஸ்டீயரிங்கில் வரும் செய்தி கலப்படமில்லாதது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தினால், கார் உங்கள் இடுப்பை மையமாக வைத்துத் திரும்புவது போன்ற உணர்வு வரும். நிலைப்படுத்தி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வரம்புக்குள் இருக்கும்போதே, இதை உணரலாம். தன் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அனைத்துச் சக்கர இயக்கத்தைக் கொடுத்துப் பெயர் வாங்கிய சுபாருவே, பிஆர்இசட்டுக்கு அதைக் கொடுக்காமல் விட்டது என்பதை எண்ணிப்பாருங்கள். எடை குறைவாகவும் எஞ்சின் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

அனைத்துச் சக்கரக் காரின் இன்பம் வேறு வகையானது. ஈரமான நவம்பர் மாலையில், சாலை எப்படியிருந்தாலும் முழு ஆற்றலையும் அச்சமின்றிக் கேட்கலாம் என்ற நிம்மதி அது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 230 குதிரைத்திறனை ஒட்டிய இலேசான காருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது, 500-ஐத் தொடும் காருக்குத் தேவைப்படும்.

குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயமா?

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். இயக்கவகை எதுவானாலும் விலக்கில்லை. ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் அவற்றை மாட்டியவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. மாட்டியதும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் உள்ளே பனித்துகளும் கொண்ட சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே நிலைத்துவிட்டால், பனி விழாவிட்டாலும் மாற்றிவிடலாம்.

இந்தியாவில் வாங்குவதானால் இதே விடைதானா?

இல்லை. சென்னையிலோ கோவையிலோ பனிச் சரிவு கிடையாது. அனைத்துச் சக்கர இயக்கத்தின் மிகப் பெரிய வாதம் அங்கே விழுந்துவிடுகிறது. பருவமழைக்கு நல்ல டயரும் நிதானமும் போதும். பிஎம்டபிள்யூ எம்2 அங்கே 2023-இல் பின்சக்கர இயக்கத்துடனும், எம்4 காம்பெட்டிஷன் 2022-இல் எக்ஸ்டிரைவுடனும் விற்பனைக்கு வந்தன. இவற்றில் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் தெருவின் வேகத்தடையில் காரின் அடிவயிறு உரசுமா என்பதைத்தான்.

பழைய அனைத்துச் சக்கரக் கூபே ஒன்றைப் பார்க்கப் போகிறேன். எதைச் சோதிப்பது?

டயரின் பள்ளத்தடத்தை அளக்கும் ஆழமானி ஒன்றை எடுத்துப்போய், விற்பவரிடம் பேசத் தொடங்குமுன் நான்கு டயர்களையும் அளந்துவிடுங்கள். நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டயரா, பக்கச்சுவரில் உள்ள உற்பத்தி வாரம் நெருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், எத்தனை கிலோமீட்டராக இப்படி ஓடியது என்று கேளுங்கள். பிறகு காரை இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, காலியான வாகன நிறுத்தத்தில் ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுவதும் திருப்பி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எட்டு வடிவத்தில் இரண்டு சுற்று உருட்டுங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, இருக்கையின் அடியில் அதிர்வு வருகிறதா என்று கவனியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் மாற்றிய ரசீது இருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.